டாக்டர் என்ன ஆளுங்க?

ராசிபுரம் கடைவீதியில் டாக்டர் கந்தப்பனின் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நோயை டாக்டரிடம் சொல்வார்கள். மருந்து வாங்க ஜன்னல் பக்கம் வந்ததும், கம்பவுண்டர் கருப்பண்ணனிடம் குரலைத் தணித்து வேறொன்று கேட்பார்கள்.

“ஏனுங்க, டாக்டர் என்ன ஆளுங்க?”

“தெரியலீங்க. கைராசிக்கார டாக்டருங்க” என்பார் கருப்பண்ணன். சிவப்பு மிக்சரை ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டாக நறுக்கிய காகிதப் பட்டையைப் பாட்டிலில் ஒட்டி, ஜன்னல் கட்டையில் வைப்பார். மேலத்தெருக்காரர்கள் அவர் கை விலகிய பிறகு எடுத்துக்கொள்வார்கள். மருந்துக்குத் தீட்டில்லை என்று ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருஷம் இந்தக் கேள்விக்கு அவர் இதே பதிலைத்தான் சொன்னார். ஆனால் அவருக்குத் தெரியும்.

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தாது வருஷப் பஞ்சத்தில், போதமலை அடிவாரத்து இட்டேரிப் பாதையில் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான். ஊரும் தெரியவில்லை, பெற்றவர் பேரும் சொல்லத் தெரியவில்லை. கூலி வேலை தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த கருப்பண்ணனின் தாத்தா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ராசிபுரத்துச் சேரியான கீழத்தெருவுக்கு வந்தார். கற்றாழைக் குருத்தை வேகவைத்துத் தின்ற நாட்கள் அவை. அதிலும் அவனுக்கு ஒரு பங்கு வைத்தார்கள். பெரியசாமி என்று பேரும் வைத்தார்கள். பதினாறு வயதில் சேலத்துக்குப் போன பெரியசாமி அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார், பிறகு தானே மண்டி வைத்தார், ஒரே மகனை டாக்டருக்குப் படிக்க வைத்தார்.

அந்த மகன்தான் கந்தப்பன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றாம் வருஷம் ஒருநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கீழத்தெருவுக்கு வந்தார். கருப்பண்ணன் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்த தெம்பில் ஒரு நெல் மண்டியில் எடை எழுதிக்கொண்டிருந்தார்.

“அப்பா சாகறப்பத்தான் சொன்னாருங்க. உங்க தாத்தா தூக்கிட்டு வரலீன்னா எங்கப்பாவும் இல்லை, நானும் இல்லை. நீங்க எனக்கு அண்ணன் முறை” என்றார் கந்தப்பன். கருப்பண்ணனின் மனைவி பொன்னாயி பக்கத்து வீட்டில் வட்டில் இரவல் வாங்கிக் கம்மஞ்சோறு போட்டாள். டாக்டர் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது, “ஊர் வாயில இது விழ வேண்டாங்கண்ணா” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் கருப்பண்ணன் கம்பவுண்டர் ஆனார். நோயாளிகள் முன்னால் ‘கருப்பண்ணன்’. கதவு சாத்திய பிறகு ‘அண்ணா’.

முப்பத்தைந்தாம் வருஷம் டாக்டர் ஜில்லா போர்டுத் தேர்தலுக்கு நின்றார். எதிரில் நின்ற காளியண்ணன் நான்கு தலைமுறை நிலக்காரர். அவர் யார் என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டாக்டரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள். நோட்டீசு கொடுக்கப் போன இடமெல்லாம் இதே கேள்வி வரவும், ஒருநாள் கருப்பண்ணனுக்குக் கோபம் வந்தது. மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்து என்ற குடியானவரிடம் கேட்டேவிட்டார்.

“உங்க மவனுக்குக் காய்ச்சல்ல ரத்தம் சுண்டிப்போனப்ப டாக்டரு ஆருன்னு கேட்டீங்களாங்க? இப்ப எதுக்குங்க?”

நாச்சிமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. “மருந்து வவுத்துக்குள்ள போயிருதப்பா. ரோடு அப்பிடியில்லை, ஒருத்தன் ஊட்டு வாசலுக்குத்தான் போவும். ஓட்டுக் கேக்கையில எல்லாரும் எல்லாத்துக்கும் ஒறம்பரைதான். கையெழுத்துப் போடறப்பத் தன்னோட ஒறம்பரை ஆருன்னு அவனுக்கு நெனப்பு வந்துரும். அதை முன்னாலயே தெரிஞ்சுக்கோணுமில்ல?”

கருப்பண்ணன் நோட்டீசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நடந்து வரும்போது ஒன்று உறைத்தது. அவரும் அந்த ஒறம்பரை உறவை நம்பித்தான் வெயிலில் அலைந்துகொண்டிருந்தார். கீழத்தெருவுக்குக் கிணறு கிடையாது. பெண்கள் ஒரு மைல் நடந்து வாய்க்கால் ஊற்றில் தோண்டிக் குடம் நிரப்பினார்கள். டாக்டர் ஜெயித்தால் கிணறு வரும் என்று தெருவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். எப்படி வரும் என்று கேட்டவர்களிடம், “வரும், எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

சந்தை கலைந்த ஒரு சாயங்காலம் கூட்டம் நடந்தது. மாட்டு வண்டிதான் மேடை. டாக்டர் பேசி முடிக்கும் நேரத்தில் காளியண்ணனின் ஆள் ஒருவன் எழுந்தான்.

“ஓட்டுப் போடறமுங்க. உங்கப்பன் ஆருன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. கீழத்தெருவுல கஞ்சி குடிச்சு வளந்தவருங்கறாங்களே, நெசமுங்களா?”

சேலத்து மண்டியில் யாரோ வாய்விட்டிருக்க வேண்டும். நோட்டீசுக் கட்டோடு வண்டிச் சக்கரத்தருகில் நின்ற கருப்பண்ணன் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தார். அது பயமாகவும் இருந்தது, ஏனோ சந்தோஷமாகவும் இருந்தது.

“எங்க பூர்வீகம் காங்கயம் பக்கம். எங்க தாத்தாவுக்கு நாப்பது ஏக்கரா தோட்டம் இருந்தது” என்றார் டாக்டர். குரலில் ஒரு தடங்கலும் இல்லை. “கீழத்தெருக் கதை எங்கிருந்து வந்துதுன்னும் சொல்றேன். இதா நிக்கறானே கருப்பண்ணன், இவன் தாத்தன் எங்க பண்ணையில ஆளா இருந்தவன். பஞ்சத்துல எங்க சோத்தைத் தின்னு பொழைச்ச குடும்பம். அந்த விசுவாசத்துக்குத்தான் இவனுக்கு வேலை குடுத்தேன். என்னடா கருப்பண்ணா, இல்லையா?”

கருப்பண்ணன் தலையை ஆட்டினார். ஏன் ஆட்டினோம் என்பது சாகும்வரை அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டிருந்தது. பொன்னாயி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: “நம்ம சோத்தைத் தின்னவரு, அவுரு சோத்தை நாம தின்னோமுன்னாராமா. நீங்களும் ஆமான்னீங்களாமா.”

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திவிட்டு டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எலக்‌ஷன் பேச்சுங்கண்ணா. மனசுல வெச்சுக்காதீங்க. ஜெயிச்சாத்தானே கிணறு?” கருப்பண்ணன் கையை விடுவித்துக்கொண்டு பாட்டில் கழுவப் போனார். கிணறு என்ற சொல்தான் அவரை அங்கே நிறுத்திவைத்தது.

இரண்டு நாள் கழித்துக் காளியண்ணன் ஆளனுப்பிக் களத்துக்குக் கூப்பிட்டார். “எனக்கு எல்லாந் தெரியும். நீ மேடையேறி ஒரு வார்த்தை சொல்லு, போதும். எங்க ஊட்டுல தின்னு வளந்த வம்சந்தான் இதுன்னு சொல்லு. சனம் காறித் துப்பீரும்.”

“எதுக்குங்க துப்புவாங்க?”

“எதுக்கா? உங்க ஊட்டுல தின்னதுக்குத்தான்” என்று சிரித்தார் காளியண்ணன்.

உண்மையைச் சொல்லி டாக்டர் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற எண்ணம் அதுவரை கருப்பண்ணனுக்குள் இருந்தது. ஆனால் அந்தக் கரிக்கு இவர்கள் எடுப்பது தன் தாத்தா வைத்த சோற்றை. “எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

டாக்டர் ஜெயித்தார். ஆறாம் மாதம் ராசிபுரத்துக்கு ஒரு கிணறு மஞ்சூராகி உத்தரவு வந்தது. ஏற்கெனவே இரண்டு கிணறு இருந்த மேலத்தெருவில் அதை வெட்டினார்கள்.

கீழத்தெருவுக்கு ஏன் இல்லை என்று கருப்பண்ணன் கேட்டார். டாக்டர் பேனாவைத் திருகி மூடினார். “வேற எவனாச்சும் மெம்பரா இருந்தா உங்க தெருவுல வெட்டியிருக்கலாமுங்கண்ணா. நான் வெட்டுனா, பாத்தியா ரத்தம் பேசுதும்பாங்க. என்னால முடியாது.”

“ரத்தம் இல்லீங்களே. சோறுதானுங்களே” என்றார் கருப்பண்ணன். மருந்தலமாரிச் சாவியை மேசையில் வைத்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அன்று முன்வாசல் வழியே, எல்லோரும் பார்க்க இறங்கிப் போனார். தெருவில் அவரிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை. காலிக் குடத்தோடு எதிரில் வந்த பக்கத்து வீட்டு அத்தாயி, அவரைக் கடந்து வாய்க்காலுக்கு நடந்தாள்.

நாமக்கல்லில் வேறொரு டாக்டரிடம் வேலை கிடைத்தது. முதல் நாளே அவர், “நீ என்ன ஆளு?” என்றார். கருப்பண்ணன் ஊர், தெரு, தகப்பன் பேர் எல்லாவற்றையும் நேராகச் சொல்லி, “எங்க தாத்தா பஞ்சத்துல ஒரு பையனை எடுத்து வளத்தவருங்க” என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன் யார் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நாற்பத்தொன்றில் ராசிபுரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘அன்புள்ள அண்ணாவுக்கு’ என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியது. கீழே கையெழுத்து இல்லை. கண் மங்கியிருந்த கருப்பண்ணன் அதை மகள் மயிலம்மாளைவிட்டு ஒருமுறை படிக்கக் கேட்டார், பதில் போடவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் கருப்பண்ணன் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். எடுப்பதற்கு முன்னால் கார் டிரைவர் ஒருவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து நின்றார்.

“ஆரு குடுத்துவுட்டதுங்க?” என்றாள் பொன்னாயி.

“ராசிபுரம் டாக்டருங்க.”

“என்ன ஒறவுன்னு சொல்லிப் போடச் சொன்னாருங்க?”

டிரைவர் விழித்தார். “அதொண்ணுஞ் சொல்லலீங்களே.”

“அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க சாமி” என்றாள் பொன்னாயி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மயிலம்மாள் பறித்து வைத்திருந்த அரளிப் பூவைப் போட்டு எடுத்துப்போனார்கள்.