யூட் அண்ணையின் பெயர் இருந்த வரி

பாடசாலை விட்டு இணுவில் பஸ்ஸில் ஏறியபோதுதான் யூட் அண்ணையின் மனைவி ஸ்டெல்லா அக்காவின் அழைப்பு வந்தது. “ரீச்சர், இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். நெஞ்சு நோவுது எண்டவர், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே…”

குருநகரில் படகு எஞ்சின் திருத்தும் யூட் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரியும். கடலுக்குப் போன படகு எது, திரும்பி வந்தது எது என்று நீங்கள் கைபேசியில் பார்க்கும் பக்கத்தைப் பராமரித்தவரும் அவர்தான் என்பது சிலருக்கே தெரியும். வெளிநாட்டு நிறுவனமொன்றிடம் வாடகைக்கு எடுத்த சேர்வரில் அது ஓடுகிறது. ஏழு வருடமாக அவரும் நானும்தான் அதற்குக் காவல். அவர் இறந்த அன்று எனக்கென்று ஒரு சின்ன வேலை இருந்தது. அதைச் செய்ய ஆறு நாள் எடுத்தேன்.

தொடக்கத்தில் பக்கத்தை நடத்திய கடற்றொழிலாளர் குழுவில் இருந்த எல்லோருக்கும் சேர்வருக்குள் போக ஒரே கடவுச்சொல். எங்கள் தேவாலயப் பங்கின் புனிதர் பெயரும் திருவிழா நாளும். குருநகரில் பிறந்த எவரும் இரண்டாம் முறையிலேயே கண்டுபிடித்துவிடலாம். எவரோ கண்டுபிடித்தும் விட்டார். ஒருநாள் பின்னேரம் காற்று எழும்பிய நேரம், கரைக்கு வராத இரண்டு படகுகள் வந்துவிட்டதாகப் பக்கம் காட்டியது. தேடிப் போக ஒருவரும் வெளிக்கிடவில்லை. யூட் அண்ணை தற்செயலாகக் கரையில் நின்று, படகுகள் வராததைக் கண்டதால் ஆட்கள் பிழைத்தார்கள். அன்றே கடவுச்சொல்லை நிறுத்தி, ஆளுக்கொரு திறப்பு, அதாவது சாவி, என்று மாற்றினார். திறப்பு என்பது அவரவர் கணினியில் இருக்கும் ஒரு கோப்பு. அதற்குப் பொருந்தும் ஒரு வரி அவரவர் பெயரோடு சேர்வரில் இருக்கும். அந்த வரியை அழித்தால் அந்த ஆள் உள்ளே போக முடியாது.

குழுத் தலைவர் தனக்கும் ஒரு திறப்புக் கேட்டார். “ஐயா, உங்களில எனக்கு நல்ல மரியாதை. ஆனா நீங்கள் உள்ளுக்குப் போய் என்ன செய்யப்போறியள்?” என்றார் யூட் அண்ணை. தலைவர் இரண்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குழுவில் இருந்த தன் சொந்த மச்சான் கனடாவுக்குப் போனபோது, அவர் கட்டுநாயக்கா விமான நிலையம் போய்ச் சேர முன்னமே யூட் அண்ணை அவருடைய வரியை அழித்தார். எனக்குக் கோபம் வந்தது. இதென்ன ஈவிரக்கம் இல்லாத வேலை என்று கேட்டேன். “ஆள் போனா அண்டைக்கே திறப்பும் போகோணும் ரீச்சர். அவனோட எனக்கென்ன பகையே?” என்றார்.

பாதுகாப்பை இறுக்குகிறேன் என்று சேர்வருக்குள் வேறு ஆட்கள் வராமல் தடுக்கும் தீச்சுவரின் விதிகளை மாற்றி, நாங்கள் உள்ளே போகும் வழியையே ஒருமுறை அடைத்துவிட்டேன். அழாக்குறையாக அவரை அழைத்தேன். “வீட்டைப் பூட்டிப்போட்டு முத்தத்தில நிக்கிறியள் போல,” என்று சிரித்தார். வாடகை நிறுவனத்தின் அவசர வழியால் போய்த் திறந்துவிட்டார். விதியை மாற்றினால், கணினித் திரையில் இன்னொரு சாளரத்தால் உள்ளே போய்ப் பார்க்கும்வரை பழைய சாளரத்தை மூடக்கூடாது என்று மட்டும் சொன்னார். இந்தக் கதையை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு நானே சொல்கிறேன்.

அவர் இறந்த அன்றே அவருடைய வரியை நான் அழித்திருக்க வேண்டும். கை போகவில்லை. அவருடைய மடிக்கணினி செத்தவீட்டுக்கு வருவோர் போவோர் நடுவே மேசையில் கிடந்தது, எவரும் எடுத்துப் பக்கத்தை மாற்றலாம். கடலிலோ படகுகள் நின்றன. ஆறாம் நாள் போய் ஸ்டெல்லா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அவரின்ர பேர் அதில கிடக்கட்டுமன் ரீச்சர். ஆருக்கு என்ன இடைஞ்சல்?”

நான் மேசையில் கிடந்த மடிக்கணினியைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இவரெண்டா எப்ப எடுத்திருப்பார்?”

“அண்டைக்கே அக்கா.”

“அப்ப எடுங்கோ.”

அக்கா பக்கத்தில் இருக்க, அந்த வரியை எடுத்தேன். இருவரும் அழுதோம்.

யாராயிருந்தாலும் ‘இல்லை’ என்று சொல்லும் துணிவு, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். முதன்முதலில் அதை அவருக்கே சொல்ல வேண்டி வந்தது.