ஆயுதபூஜையன்று போன மரை

ஸ்பானரைத் திருப்பத் திருப்ப ஸ்பார்க் பிளக்கும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. கழன்று வரவும் இல்லை, இறுகவும் இல்லை. பொறுமை போய் இழுத்தேன், வந்துவிட்டது. பிளக்கின் உடம்பைச் சுற்றி ஜரிகை நூல் மாதிரி அலுமினியம் ஒட்டிக்கொண்டிருந்தது. அது பிளக்கின் உலோகம் இல்லை. பிளக் திருகி உட்காருவதற்கு இஞ்சினில் வெட்டியிருந்த மரை, மொத்தமாகப் பிய்ந்து வந்திருந்தது. "போச்சு" என்று வாய்விட்டே சொன்னேன்.

அன்று ஆயுதபூஜை. பூவும் பூசணிக்காயும் வாழைக்கன்றும் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து வந்த கார் அப்போதுதான் ஈஜிபுராவில் எங்கள் வாசலில் நின்றிருந்தது. சில நாட்களாக ஏற்றத்தில் குலுங்கிக்கொண்டிருந்ததால், புது பிளக் மாட்டிவிட்டு பூஜை போடலாம் என்று நினைத்தேன். இஞ்சின் ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும், சூட்டில் அலுமினியம் இளகிக் கிடக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ராகுகாலம் வருவதற்குள் பூஜையை முடித்தாக வேண்டுமே! சூட்டோடு சூடாகத் திருகினேன். நல்ல நேரம் பார்த்து வண்டியைக் கெடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பழைய கார்தானே, ஒரு நாள் நின்றால் என்ன என்று கேட்கலாம். அக்கம்பக்கத்தில் கேட்டும் இருக்கிறார்கள். எங்கள் மகளுக்குப் பதினாறு வயது, பேச்சு வரவில்லை. தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். இந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டில் உள்ளங்கையைப் பதித்துக்கொள்வாள். இஞ்சினின் நடுக்கம் கைக்கு ஏறியதும் முகம் இளகிவிடும். ஒரு சுற்று போய் வந்தால் சாப்பிடுவாள், தூங்குவாள். அந்தச் சுற்று இல்லாத மாலையில் தலையை மோதிக்கொள்வாள். மழைக்காலத்தில் பேட்டரி செத்த அன்று நெற்றியில் தையல் போட்டுக் கூட்டிவந்தோம். வாடகைக் காரில் ஏற மறுத்தாள். ஆட்டோவில் ஏற்றினால் ஓடும்போதே குதிக்கப் பார்த்தாள். பழக்கத்தை மெல்ல மெல்ல மாற்றுங்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஒரே ஒரு மாலை என் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

வண்டி ஷெட்டில் நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்ததால், போனில் வீடியோ பார்த்து ஆயில் மாற்றவும் பிளக் மாற்றவும் நானே கற்றுக்கொண்டேன். கிளினிக்கில் டோக்கன் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. சாயங்காலமானால் வீட்டுக்கு நான்தான் மெக்கானிக், நான்தான் டிரைவர். என் கணவர் கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர். அன்றிலிருந்து எந்த வண்டியையும் ஓட்டத் தொடமாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் நான்தான் ஓட்ட வேண்டும்.

பிய்ந்து வந்த மரையைப் பார்த்துவிட்டு அவர், "ஷெட்டுக்குத் தள்ளிக்கினு போலாமா?" என்றார்.

"இன்னிக்கு எந்த ஷெட்டுங்க தொறந்திருக்கும்?"

இருந்தாலும் தெருமுனை ஷெட்டுக்கு ஓடினேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே தரையைக் கழுவிக் கோலம் போட்டு, ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார்கள். ஆனேக்கல்லிலிருந்து வந்து இங்கே கடை போட்ட மெக்கானிக், புதுச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

"மரை போன எடத்துல காயில் எறக்குற செட்டு இருக்குதா?" என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

"இருக்குதுக்கா. அதோ" என்று சாமி படத்துக்கு முன்னால் கையைக் காட்டினார். சிறிய சிவப்புப் பெட்டி, மேலே ஒரு சாமந்திப்பூ. "நாளைக்குக் காலைல நானே வந்து போட்டுத் தரேன். பூஜைல வெச்சத இன்னிக்கு எடுக்கக்கூடாது. ஒரு நாளு சொல்ப தாங்கிக்கோங்க."

"நான் தாங்கிக்குவேன். அவ தாங்கமாட்டா."

அவருக்கு என் மகளைத் தெரியும். முகம் வாடியது. ஆனாலும் இடது கையை நீட்டி, வளைந்துபோன விரலைக் காட்டினார். "அவசரம்னு ஒருத்தர் கேட்டாரு, பூஜைலேர்ந்து ஜாக்கிய எடுத்துக் குடுத்தேன். மறுவாரம் இது. எனக்கு பயம்க்கா."

எனக்கு ஆத்திரம் வந்தது. உன் விரலுக்கு ஒரு சாமி இருக்கிறது, என் பிள்ளையின் நெற்றிக்கு எந்தச் சாமி இருக்கிறது என்று கத்தினேன். கத்தக் கத்த அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. அவர் பொரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பிறகு, "நான் எடுக்கமாட்டேன்க்கா. நான் டீ குடிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனார். டீக்கடையும் அன்று மூடித்தான் கிடந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தேன். பூவை இருந்த இடத்திலேயே வைத்தேன். கும்பிடவில்லை.

காயில் என்பது எஃகுக் கம்பிச்சுருள். பிய்ந்த ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் சுருளை இறக்கிவிட்டால் அதுவே பிளக்குக்கு மரையாகிவிடும். சொல்வதற்குச் சுலபம். மரை வெட்டும்போது விழும் தூளில் ஒரு துணுக்கு சிலிண்டருக்குள் போனாலும் ஆபத்து. வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, கொஞ்சம் திருகி, வெளியே எடுத்து, துடைத்து, மறுபடியும் அப்பித் திருகினேன். கோணலாக இறங்கிவிடுமோ என்று ஒவ்வொரு திருகலுக்கும் குனிந்து பார்த்தேன். என் கணவர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து, "என்ன, ஆபரேஷனா?" என்று கிண்டல் செய்தார். "ஆமா, ரத்தம் குடுக்க வரீங்களா?" என்றேன். போய்விட்டார்.

பிற்பகலில் சுருள் ஒழுங்காக உட்கார்ந்தது. அதன் அடியில் வால் மாதிரி ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். நீளமூக்குக் குறட்டால் அதை ஒடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது. குறட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் வாயில் ஒன்றும் இல்லை.

வால் சிலிண்டருக்குள் விழுந்திருந்தது. அதோடு இஞ்சினை ஓட்டினால் உள்ளே எல்லாவற்றையும் கிழித்துவிடும், அதன் பிறகு இந்த வண்டி கிடையாது. ஓட்டாவிட்டால் இன்று மாலை கிடையாது. காரின் ஓரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். செத்துவிடலாம் போல இருந்தது. செத்தால் இவளை யார் ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று உடனே தோன்றியது. அந்த நினைப்பு எனக்குப் புதிது இல்லை.

மற்ற பிளக்குகளையும் கழற்றி, கியரில் போட்டு, என் கணவரிடம் காரை மெல்லத் தள்ளச் சொன்னேன். பிஸ்டன் மேலே ஏறியது. விழுந்த கம்பி அதன் தலையில்தான் கிடக்க வேண்டும். முதலில் காந்தத்தை விட்டுப் பார்த்தேன், அந்தக் கம்பி காந்தத்துக்கு ஒட்டுகிற ஜாதி இல்லை. பூஜைக்கு வாங்கிய ஊதுவத்தியின் மருந்தை உதிர்த்துவிட்டு, குச்சியின் நுனியில் கிரீஸ் தடவி ஓட்டைக்குள் விட்டுத் துழாவினேன். எடுத்துப் பார்த்தால் வெறும் கிரீஸ். மறுபடியும் விட்டேன். வெறும் கிரீஸ்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. செருப்போடு வந்தாள். யாரையும் பார்க்காமல் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். டேஷ்போர்டில் கை வைத்தாள், காத்திருந்தாள். பானெட் திறந்திருந்ததால் எனக்கு அவள் முகம் தெரியவில்லை. முதல் சத்தம்தான் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் தலை மோதும் சத்தம்.

அவர் பின்சீட்டுக்குப் பாய்ந்தார். கண்ணாடிக்கும் அவள் தலைக்கும் நடுவே தன் இடது கையைக் கொடுத்தார். அதற்குப் பிறகு சத்தம் மந்தமாக வந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் கார் அசைந்தது, என் கையில் இருந்த குச்சியும் அசைந்தது. "ஆச்சா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சாம்மா?" என்றார். அதன் பிறகு கேட்கவில்லை. நான் அழுதுகொண்டே துழாவினேன். ஓரத்தில் எதிலோ குச்சி இடறியது. மூச்சை அடக்கி மேலே எடுத்தேன். கிரீஸில் புதைந்து, நகக்கண் அளவுகூட இல்லாமல், அந்த வால் வந்தது.

பிளக்குகளைக் கையாலேயே திருகி, ஸ்பானரால் மெல்ல இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவள் கை டேஷ்போர்டுக்குப் போனது. தலை நின்றது. தெருவெல்லாம் உடைந்துகிடந்த பூசணிக்காய்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினேன். பின்சீட்டில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மெக்கானிக் என்னோடு வந்து வேலையைப் பார்த்தார். "எஃகு மரைக்கா. இனிமே வண்டியே போனாலும் இது போவாது" என்றார். பாராட்டுத்தான். எனக்கு என்னவோ சந்தோஷமே வரவில்லை. வண்டிக்கு ஆயுசு உண்டு, எனக்கும் உண்டு. எங்கள் இரண்டு பேரையும் தாண்டி அவள் இருப்பாள்.

அன்று மாலை மகள் முன்சீட்டில் ஏறியதும் நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். என் கணவர் வெளியே நின்று என்னைப் பார்த்தார்.

"நீங்க உக்காருங்க" என்றேன்.

"எனக்கு வராதும்மா."

"உக்காருங்க. கிளட்ச்ச அமுக்குங்க."

வீங்கிய கையால் கியர் போட்டார். வண்டி குதித்து நின்றது. மகள் டேஷ்போர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ" என்றேன்.