போர்வெல் தண்ணீரில் ஊறாத ஜெல்

நாலு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம். காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். செல்லுலோஸிலிருந்து ஜெல் செய்வதுதான் என் வேலை. தண்ணீரில் கரையும்படி மாற்றிய செல்லுலோஸ் பொடியை இட்லி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, காற்றுப் புகாத உறையில் அடைத்து, வெளியூரில் இருக்கும் காமா கதிர் கூடத்துக்கு அனுப்புவோம். கதிர் பட்டதும் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதன் பிறகு அது கரையாது. தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். காயவைத்து நொறுக்கினால் கற்கண்டுத் தூள் மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகை போட்டால் போதும், கண்ணாடிக் குவளையே நிறைந்துவிடும். அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

இதை வேர்ப்பக்கம் போட்டால் ஈரம் நிற்கும், அடிக்கடி தண்ணீர் விட வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. திருப்பத்தூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில், என் வயதுடைய ஒரு பெண் பப்பாளிக் கன்று நட்டிருந்தார். கணவர் வெளிநாட்டில் இருந்ததால் தோட்டம் முழுக்க அவர் பொறுப்பு. கதிர் பட்ட பொருள் என்றதும் முதலில் யோசித்தார். ஊசி போடும் சிரிஞ்சைக்கூட இப்படிக் கதிர் காட்டித்தான் சுத்தம் செய்கிறார்கள், பொருளுக்குள் கதிர் தங்காது என்று விளக்கினேன். சம்மதித்து நாலு வரிசை கொடுத்தார். வேர்ப்பக்கம் தூளைப் போட்டு, மிச்சத்தை அவரிடமே கொடுத்து, அந்த வரிசைகளுக்கு மட்டும் வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போன் செய்தார். இலை தொங்குகிறது, தண்ணீர் விடட்டுமா என்று கேட்டார். அப்போது ஒரு கருத்தரங்குக்குப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தேன். ஜெல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், பயப்படாதீர்கள் என்றேன். அவரும் சரி என்று வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் மறுபடி கூப்பிட்டார். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்றே பஸ் ஏறிப் போனேன். நாலு வரிசையும் துவண்டு கிடந்தது. பக்கத்து வரிசைகள் நன்றாக நின்றன. அவர் திட்டவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு டம்ளரை எடுத்து வந்தார். காலையில் அவர் போர்வெல் தண்ணீரில் ஜெல் தூளைப் போட்டு வைத்திருந்தார். ஊறின ஜவ்வரிசி மாதிரி அடியில் கொஞ்சம் கிடந்தது, அவ்வளவுதான்.

"எங்க தண்ணியில ஊற மாட்டேங்குது. நீங்க எந்தத் தண்ணியில போட்டுப் பாத்தீக?"

காய்ச்சி வடித்த தண்ணீரில். அவருடைய தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. உப்புத் தண்ணீரில் இந்த ஜெல் சரியாக ஊதாது என்பது எனக்குத் தெரியாததல்ல. முதல் வருடமே படித்தது, பரீட்சையில் எழுதியதுகூட. இங்கே கொண்டுவரும்போது அது நினைவுக்கு வரவே இல்லை. இன்னொரு டம்ளரில், குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றி ஒரு சிட்டிகை போட்டோம். சற்று நேரத்தில் அந்த டம்ளர் நிறைந்தது.

உடனே அந்த நாலு வரிசைக்கும் தண்ணீர் விட்டோம். அவர் குழாயை இழுக்க, குழாய் எட்டாத இடங்களுக்கு நான் குடத்தில் சுமந்தேன். அந்த வரிசைகளில் பாதிக்கு மேல் கன்றுகள் பிழைக்கவில்லை. கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன்.

"நான் சொன்னப்பவே வந்திருக்கலாம்" என்றார். பிறகு, "இனி வேற யாருக்காச்சும் குடுக்குறதா இருந்தா, அவுக தண்ணியில போட்டுப் பாத்துட்டுக் குடுங்க டீச்சர்" என்றார்.

என் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். இது முன்னோட்டச் சோதனைதானே, கருத்தரங்கில் காட்டியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில், அன்று போனில் எடுத்திருந்த இரண்டு டம்ளர்களின் படத்தையும் கருத்தரங்குப் படங்களில் அருகருகே வைத்தேன். வந்தவர்கள் கேட்ட கேள்வி எல்லாம் அதைப் பற்றித்தான்.

அதன் பிறகு அவர் போர்வெல் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்துதான் சோதித்தேன். வேறு வகை செல்லுலோஸ் கலந்து செய்த ஜெல் நல்ல தண்ணீரில் முன்னதைவிடக் குறைவாகத்தான் ஊறியது. ஆனால் உப்புத் தண்ணீரிலும் ஏறக்குறைய அதே அளவு ஊறியது. மறு வருடம் எடுத்துப் போனேன். டம்ளரில் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு வரிசை மட்டும் தந்தார். வாடினால் உங்களைக் கேட்காமலே தண்ணீர் விட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். அந்த வரிசைகள் வாடவில்லை.

ஜெல் ஊறாமல் போனதைவிட அந்த மூன்றாம் நாள் போன்தான் இன்றும் என்னை உறுத்துகிறது: அவர் செடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார், நான் எதையும் பார்க்காமலே பதில் சொன்னேன்.