பதினோரு அடித் துடுப்பு

அந்தப் பயணம் சனிக்கிழமை நடந்தது என்று என் மனைவி இன்றும் சாதிக்கிறாள். என் குறிப்பேட்டில் ஞாயிறு என்றுதான் இருக்கிறது. அதற்கு முதல் நாள் சனி, கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போயிருந்தோம். ஆகவே பொல்கொடை ஏரி ஞாயிற்றுக்கிழமைதான். ஆண்டு, தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காலிவீதியில் பஸ்சை மறித்து எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பது பற்றி யாரும் வியந்து பேசாத காலம்.

என் மச்சான், மனைவியின் அண்ணன், அப்போது வெள்ளவத்தையில் எங்களோடு தங்கியிருந்தார். இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் வேலை. வயது முப்பத்தாறு. மூன்று சம்பந்தங்கள் பேசிக் கைவிட்டுப்போயின. மூன்றையும் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்காவது வித்தியாசமாக வந்தது. கொட்டாஞ்சேனையில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடைக்கு இரண்டு மாதத்தில் ஆறு முறை போய் ஆறு பெட்டி தூண்டில் முள் வாங்கி வந்தார். வீட்டில் தூண்டில் தடி கிடையாது. ஐந்தாவது பெட்டியில் என் மனைவிக்கு விளங்கிவிட்டது. கடைக்காரருக்கு ஒரு மகள் இருந்தாள். முப்பத்திரண்டு வயது, கடையின் பாதிப் பொறுப்பு அவள் கையில்.

ஆள்விட்டுக் கேட்டோம். கடைக்காரர், இரண்டு தலைமுறையாகக் கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணத்தார், சாதகம் கேட்கவில்லை. "முதலில ஆளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறகு தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போறன். குறிப்பெல்லாம் அதுக்குப் பிறகு" என்று சொல்லியனுப்பினார். போர் தொடங்கியபின் நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அவரிடம் ஒரு கயாக்கை விட்டுப் போயிருந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக இருக்கக்கூடிய, மேலே மூடாத, அகலமான படகு. கடலில் இறங்க அனுமதிச் சீட்டு, கேள்வி, தொல்லை. அதனால் ஏரிக்கரையில் தோட்டம் வைத்திருந்த ஒரு சிங்கள நண்பரின் வளவில் அதைக் கட்டிவைத்து ஞாயிறுகளில் மீன்பிடிக்கப் போவார்.

சனிக்கிழமை மாலை நாலே காலுக்குக் கடையில் நின்றோம். கடைக்காரர் சுவரில் சாத்தியிருந்த துடுப்புகளைக் காட்டினார். எல்லாம் இரண்டு முனையிலும் அலகு வைத்தவை. நீளத்தில் மட்டும் வித்தியாசம்.

"தம்பி, நாளைக்கு நீங்கள்தான் ஓட்டப்போறீங்கள். எது வேணும்?"

இது பரீட்சை என்று எனக்கு உடனே விளங்கியது. பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ஒரு சஞ்சிகையில் இதைப் பற்றி வாசித்திருந்தேன். வடதுருவத்து வேடர்கள் கயாக் துடுப்பை ஓட்டுபவனின் உடம்பை வைத்தே அளப்பார்களாம்: விரித்த இரு கைகளின் அகலம், அதோடு ஒரு முழம். படகு அகலமென்றால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அலகு பெரிதென்றால் தோள் சீக்கிரம் களைக்கும். இவ்வளவையும் மச்சானின் காதில் சொல்ல வாயெடுத்தேன்.

"நீர் பேசாமல் இரும்," என்றார்.

அவர் அந்தத் துடுப்புகளைத் தொடவே இல்லை. கடை மூலைக்குப் போனார். பெரிய வள்ளங்களுக்கென்று வைத்திருந்த, ஒரே முனையில் அலகுள்ள, பதினோரு அடி நீளமான ஒன்றைத் தூக்கி, சீமெந்துத் தரையில் இரண்டு தரம் ஊன்றிப் பார்த்தார்.

"இது சரி. நிலத்தில முட்டவேணும்."

என்ன நடக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. மச்சான் வளர்ந்தது யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையில். அங்கே கூப்பிடு தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு ஏறாது. வள்ளத்தை யாரும் வலிப்பதில்லை. நீளக் கம்பை மணலில் ஊன்றித் தள்ளுவார்கள். நிலத்தில் முட்டாத துடுப்பு அவருக்குத் துடுப்பே அல்ல.

கல்லாவுக்கு அருகில் இருந்து ரீலில் தங்கூசித் தூண்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மகள் நிமிராமலே சொன்னாள்:

"அது கயாக்குக்கு இல்லை."

"தண்ணி எங்கயும் தண்ணிதானே," என்றார் மச்சான்.

"முள்ளும் எங்கயும் முள்ளுத்தான். ஆறு பெட்டி வாங்கின ஆளுக்கு ஒரு தடி வேணுமெண்டு தோன்றேல்லையே?"

மச்சானின் காது சிவந்தது. கடைக்காரர் மேசை லாச்சியைத் திறந்து எதையோ வெகு அக்கறையாகத் தேடினார். சிரிப்பை மறைக்கத்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடைக்காரரின் வான், மகளையும் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தது. கூரையில் பதினோரு அடியும் அதற்குப் பக்கத்தில் எட்டடித் துடுப்புகள் இரண்டும் கட்டியிருந்தன. தெஹிவளை தாண்டியதும் சோதனைச்சாவடி. ஒரு இராணுவச் சிப்பாய் வானைச் சுற்றி வந்து, நீளத் துடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடிவைத்து நடந்து அளந்தான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஹபலக் மாத்தயா," என்றார் கடைக்காரர். துடுப்புத்தான் ஐயா.

அவ்வளவு பெரிய படகு எங்கே என்று கேட்டான். படகு சிறியது, துடுப்பைப் பிடிப்பவர்தான் பெரியவர் என்று கடைக்காரர் மச்சானைக் காட்டினார். சிப்பாய் சிரித்துவிட்டு எங்கள் ஐந்து பேரின் அடையாள அட்டைகளையும் திருப்பித் தந்தான். மச்சான் சிரிக்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் கைகளை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் இரவு நித்திரை கொள்ளாதவரின் முகம்.

"அண்ணா, பயமோ?" என்று என் மனைவி மெல்லக் கேட்டாள்.

"தண்ணிக்கு என்ன பயம்," என்றார். வேறு எதற்கோ பயம் என்பது எல்லோருக்கும் கேட்டது.

ஏரி அசையாமல் கிடந்தது. கரையிலிருந்து இருநூறு கஜத் தூரத்தில் ஒரு மூங்கில் புதர். அங்கே போய்த் தூண்டில் போட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் கட்டளை. மச்சான் கடைக்காரர் கொடுத்த தூண்டில் தடியையும் இரைப் பெட்டியையும் கயாக்கில் வைத்தார். பிறகு, இருந்து ஓட்ட வேண்டிய அந்தப் படகில் பதினோரு அடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

முதல் பதினைந்து ஊன்றலும் அற்புதம். நான் எண்ணினேன். முதுகு வளையாமல், தண்ணீர் தெறிக்காமல், படகு கோடு கீறியது போலப் போனது. என் மனைவி பெருமையோடு கடைக்காரரின் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் துடுப்பைப் பார்க்கவில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாள்.

"அங்கால சேறு," என்றாள்.

பதினாறாவது ஊன்றலில் துடுப்பு உள்ளே போனது, வெளியே வரவில்லை. மச்சான் அதை விடவில்லை. படகு அவரை விட்டுவிட்டது. காலடியிலிருந்து கயாக் அமைதியாக நழுவி முன்னே போக, அவர் நட்டுவைத்த துடுப்பைக் கட்டிப்பிடித்தபடி ஏரி நடுவே தொங்கினார். துடுப்பு உடனே விழவும் இல்லை. மிக மெதுவாக, மரியாதையாகச் சரிந்து, அவரைத் தண்ணீரில் இறக்கி வைத்தது.

கரையில் நின்ற கடைக்காரர் தோட்டத்துத் தென்னையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐசே, என்ர ஆயுளில இப்பிடி ஒண்டைக் காணேல்லை," என்று என் தோளில் அடித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். நான்காவதும் போயிற்று என்று நினைத்திருப்பாள்.

மச்சான் நன்றாக நீந்துவார். கயாக்கைப் பிடித்து, தள்ளிக்கொண்டே கரைக்கு வந்தார். கால் முழங்கால்வரை கறுப்புச் சேறு. துடுப்பு அங்கேயே, தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. அவர் கடைக்காரரிடம் போகவில்லை. நேரே மகளுக்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்கள் சொன்னது சரி. எனக்கு எந்தத் துடுப்பு? நீங்களே பாருங்கோ."

அவள் வான் கூரையிலிருந்து எட்டடி ஒன்றை எடுத்து அவருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள்.

"கையைத் தூக்குங்கோ. மேல அலகில விரல் மடியுதோ?"

"ஓம்."

"இனித் தலைக்கு மேல பிடியுங்கோ. முழங்கை நேராய் மடக்கி. இறுக்காதேங்கோ, அது பாம்பில்லை."

அவர் அப்படியே செய்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவிலிருந்த தூரத்தைத் தன் சாணால் அளந்து, வலது கையை ஒரு விரல் நகர்த்தி வைத்தாள். கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு மூங்கில் புதரைக் கவனமாக ஆராயத் தொடங்கினார்.

"தனியப் போனா வட்டமாய்ச் சுத்துவீங்கள்," என்று சொல்லிவிட்டு அவள் மற்றத் துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அந்தக் காலத்தில், கலியாணப் பேச்சுக்கால் முடியாமல், தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க! என் மனைவி என் கையைக் கிள்ளினாள். கடைக்காரரோ என் மனைவியிடம், "சாப்பாட்டுப் பார்சலை அவிழுங்கோ பிள்ளை, பசிக்குது," என்றார்.

போகும்போது துடுப்போடு துடுப்பு மோதும் சத்தமும் அவள் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன. "இடம்! இடம்! உது வலம்!" மூங்கிலுக்கு அப்பால் போன பிறகு சத்தம் நின்றது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. முப்பத்தெட்டு நிமிடம் கழித்துத் திரும்பினார்கள். துடுப்புகள் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. ஒரு கொடுவா மீன், இரண்டு இறாத்தல் எடை தேறும். ஆர் பிடித்தது என்று இருவரும் சண்டை.

கரையில் இறங்கியதும் அவள் தகப்பனிடம் சொன்னாள்:

"அப்பா, இந்த எட்டடியைக் கடையில விக்காமல் எடுத்து வையுங்கோ."

"எடுத்து வைக்கிறதெண்டா ஆருக்கெண்டு எழுதி ஒட்டவேணும். என்னெண்டு எழுத?"

அவள் குனிந்து மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாப்பிள்ளைக்கு எண்டு எழுதுங்கோ."