ஏஞ்சலின் சொன்ன மூவ்

மேட்டுப்பட்டி ஏஞ்சலின் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளர். வயது நாற்பத்திரண்டு. கல்லூரியில் படித்தபோது பல்கலைக்கழக அணிக்காகச் செஸ் ஆடியவள். அப்பா போனபிறகு வேலை, தம்பி படிப்பு என்று ஆகி, ஆட்டம் நின்றுவிட்டது. செஸ் சம்மேளனப் பட்டியலில் தன் பெயருக்கு நேராக, ஆட்டத் திறனைக் காட்டும் ஒரு ரேட்டிங் எண் வரவேண்டும் என்ற ஆசை மட்டும் நிற்கவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடையில்தான் நஸீராவைப் பார்த்தாள். பில் போடும் பெண். கூட்டமில்லாத மதியத்தில் செல்போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். ஏஞ்சலின் எட்டிப் பார்த்து, “குதிரை போயிரும்” என்றாள். அடுத்த நிமிடமே போனது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நஸீரா கேட்க, அந்த ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னாள் ஏஞ்சலின்.

ஒன்றரை வருடம் நஸீரா வந்தாள். முதலில் அவளுக்கு ஒரே குறை, அவசரம். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னாள் ஏஞ்சலின். எதிராளி ஏன் அந்தக் காயை நகர்த்தினான் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே கையை எடுக்கலாம். தோற்ற ஆட்டங்களை ஒரு நோட்டில் எழுதவைத்து, எந்த இடத்தில் தடம் புரண்டது என்று இருவருமாகத் தேடினார்கள். நஸீரா சொன்னதைச் செய்தாள். ஒரு வாரத்தில் இன்னொருத்தி மாதிரி திரும்பி வருவாள்.

எட்டாவது மாதம் ஏஞ்சலினை முதல்முறை ஜெயித்தாள். ஏஞ்சலின் சிரித்தபடி டீ போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு அடிக்கடி ஜெயித்தாள். கடைசியில், தான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஆடுவதை ஏஞ்சலின் கவனித்துவிடக் கூடாதே என்று நஸீரா கூச்சப்படத் தொடங்கினாள். ஏஞ்சலின் அதையும் கவனித்துவிட்டாள்.

வடமதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்தார்கள். நஸீராவின் கணவன் சதாம் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, இருவருக்குமாகச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வெளியே காத்திருந்தான். அதற்குள் ஏஞ்சலின் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றிருந்தாள். நஸீரா கடைசிச் சுற்றில் ஜெயித்தால் பெண்களுக்கான முதல் பரிசு.

எதிராளி திருச்சியிலிருந்து வந்த கல்லூரி மாணவி. தொடக்கத்திலேயே குதிரையைக் கொண்டுவந்து தாக்குகிறவள். அவள் சிப்பாய் மையத்தில் தன் சிப்பாயை வெட்டினால், அதைக் குதிரையால் திரும்ப வெட்டலாமா என்று நஸீரா சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். குதிரையால் வெட்டினால் நஸீராவின் ராஜா நடுப்பலகைக்கு இழுபட்டுவிடும், வெட்டவே கூடாது. இது ஏஞ்சலினுக்கு இருபது வருடமாகத் தெரியும்.

“குதிரையாலயே வெட்டிரு. பயப்படாத” என்றாள்.

தன் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது அவளுக்கே திகைப்பாயிருந்தது. ஆட்டம் தொடங்க இன்னும் கால்மணி நேரம் இருந்தது. கூப்பிட்டு மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நஸீரா இருபத்தாறு மூவில் தோற்றாள். திரும்பி வரும் பஸ்ஸில், நீங்கள் சொல்லிக் கொடுத்ததை நான்தான் ஒழுங்காக ஆடவில்லை என்று மன்னிப்புக் கேட்டாள். ஏஞ்சலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து நாள் போனது. செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோயில் வரிசையில் நின்றவள், இதைச் சாமியாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பாதியில் விலகி, மருந்துக்கடைக்கே நடந்தாள். கடையில் ஆளில்லை.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு, நஸீரா. தெரிஞ்சேதான் சொன்னேன்.”

நஸீரா மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

“எனக்கும் தெரியும்க்கா. சாப்ட்டுட்டு வெளிய போயி அந்த மூவப் போன்ல போட்டுப் பாத்தேன். வேணாம்னு காட்டுச்சு.”

“பெறகு ஏன் ஆடுன?”

“போனுக்கு என்னயத் தெரியுமா? ஒன்றரை வருசமா என் ஆட்டத்தப் பாத்தது நீங்க. ஏதோ காரணமாத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

அடுத்த அட்டையை எடுத்து அடுக்கினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ஏஞ்சலினுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நஸீரா வருவது நின்றது. கடையில் பார்த்தால் அக்கா என்றே கூப்பிட்டாள், பாக்கிச் சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். அடுத்த வருடம் மதுரைப் போட்டியில் அவளுக்கு ரேட்டிங் கிடைத்தது. அந்த எண்ணையும், கடைசி ஆட்டத்தின் காய் நகர்த்தல்களையும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். வேறொரு வார்த்தை இல்லை.

ஏஞ்சலின் பலகையை எடுத்து அந்த ஆட்டத்தை ஒவ்வொரு காயாக ஆடிப் பார்த்தாள். இருபத்தோராவது மூவில் யானையை நகர்த்தியது பலவீனம், எதிராளியும் அதைப் பார்க்கவில்லை. மூன்று தடவை சரிபார்த்தாள். போனிலும் போட்டுப் பார்த்தாள். அதன்பிறகே எழுதி அனுப்பினாள்.

மறுநாள் மதியம்தான் பதில் வந்தது.

“போன்ல போட்டுப் பாத்துட்டேன்க்கா. நீங்க சொன்னது சரிதான்.”