ஓரத்தில் ஒரு பொட்டு

மதியழகன் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தவர் திண்டுக்கல்லில் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடையில் பெஞ்சு காலியாகவே கிடக்கும், மனுஷன் நின்றுகொண்டுதான் குடிப்பார். ஒரு கை வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். பாதி டீ உள்ளே போவதற்குள் போன் வந்துவிடும், வராவிட்டால் இவரே யாருக்காவது போடுவார். வீட்டிலும் இதே கதைதான். "செத்த நேரம் உக்காந்து தின்னா என்ன, சோறு ஓடியா போகப்போகுது?" என்று அவர் மனைவி பெருமாயி கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்ல வேண்டியவர் அதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்.

அவருக்குத் தொழில் ரோல் பிடிப்பது. முறுக்கு, அப்பளம், ஊறுகாய், காப்பித்தூள் என்று எதையாவது பாக்கெட் போட்டு விற்கிறவர்களிடம் போய், படமும் பேரும் அச்சடித்த பிளாஸ்டிக் பிலிமுக்கு ஆர்டர் வாங்குவார். பைபாஸ் பக்கத்து அச்சுக் கம்பெனியில் அதைக் கொடுப்பார். பிலிம் ரோலாகச் சுற்றி வந்ததும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போனாலும், அங்கே கடலைமிட்டாய் விற்கிறவனிடம் ஒரு பாக்கெட் வாங்கி, வாய் மூடிய ஒட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டுப் பக்கம் திரும்புவார். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைப் பிரித்து மிக்சர் பாக்கெட்டைக் காதோரம் வைத்துக் கசக்குவார். சத்தத்தை வைத்தே பிலிம் மெலிசா தடிப்பா என்று சொல்லிவிடுவார். யாரும் கேட்காமலே சொல்வார், அதுதான் கஷ்டம்.

இன்னொரு வியாதியும் உண்டு. யார் எதைக் கேட்டாலும், "அதுக்கென்ன, செஞ்சிருவோம்." கேட்கிறவர் முடிக்கக்கூட விடமாட்டார். முன்பாதியைக் கேட்டதுமே பின்பாதி தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் தெரியத்தான் செய்தது. இத்தனை வருஷம் தொழிலும் நடந்தது. கீர்த்தனாவுக்காகப் பிடித்த ரோலில்தான் அந்த நினைப்பு அவரைக் கவிழ்த்துவிட்டது.

கீர்த்தனா சின்னாளபட்டிக்காரி. மகன் நித்திலன் குறைமாதத்தில் பிறந்தவன். பிறந்த புதிதில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வெளியே நின்றுதான் பார்க்க விட்டார்கள். வீட்டுக்கு வந்து சோறு ஊட்டும் பருவத்தில், கம்பும் கேழ்வரகும் பயறும் முளைகட்டி, வறுத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். பிள்ளை தேறினான். கன்னம் ரெண்டும் உப்பி, பார்க்கிறவர்கள் கிள்ளாமல் போகமாட்டார்கள். "என்னத்தக் குடுக்குற?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாவு கொடுக்க ஆரம்பித்தாள், அதுவே வியாபாரமாகிவிட்டது. வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, பழைய பாக்கெட் மெஷின் ஒன்றையும் வாங்கி நிறுத்தினார்கள்.

நூல் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் அவள் கணவன் ஸ்ரீஹரி, பாக்கெட்டில் நித்திலன் முகத்தையே போடுவோம் என்றான். "இந்த மாவுக்கு அவன்தான் சாட்சி. வேற யார் படத்தப் போடுறது?" அவளும் சரி என்றுவிட்டாள். சொன்ன அன்றைக்கே தூக்கம் போனது. கண்ணாடிக்குள் கிடந்த பிள்ளையை இனிமேல் ஒவ்வொரு கடை வாசலிலும் சரம் சரமாகத் தொங்கவிடப் போகிறார்கள், போகிற வருகிற அத்தனை பேர் பார்வையும் அவன்மேல் படப்போகிறது என்று புரண்டு புரண்டு படுத்தாள். புருஷனிடம் சொன்னால் சிரிப்பான். மதியழகனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அவருக்குத் தெரிய வேணாம். தம்பி கன்னத்துல சின்னதா ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சுரச் சொல்லுங்களேன். அம்புட்டுப் பேரு பாக்கப்போறாங்க. எனக்கு மனசே ஆறல."

"அதுக்கென்ன தாயி, செஞ்சிருவோம்."

கம்பெனியில் டிசைன் போடும் யுவராணி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "ஸ்ரீஹரி சார் பாத்து ஓகே பண்ணுன டிசைன்ணே. கன்னத்துல நான் கை வைக்கமாட்டேன். நாளைக்கு அச்சுப் பிசகுன்னு சண்டைக்கு வருவாரு."

மதியழகன் ஷோரூம் பொம்மை மாதிரி நிற்கிற ஆளா? அங்கும் இங்கும் நடந்தார். கம்ப்யூட்டர் திரையில் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்கு வெளியே வெள்ளையாக ஒரு ஓரம் விட்டிருந்தது. பாக்கெட் ஆகும்போது முதுகுப் பக்கத்து ஒட்டுக்குள் மடிந்து மறைந்துபோகும் ஓரம் அது. அங்கே வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. வெளியே போகும்போது பிள்ளைக்கு உள்ளங்காலில் மை வைத்துத் தூக்கிப்போகிறவர்கள் இல்லையா?

"அப்ப இந்த ஓரத்துல வை. கடுகளவு வச்சாப் போதும்."

"அண்ணே, ஒரு நிமிசம், அந்த ஓரத்துல..."

அண்ணன் படியிறங்கியாயிற்று. வத்தலக்குண்டு ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது அவள் போன் செய்தாள். காற்றில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. "வச்சுரு, வச்சுரு, நான் பாத்துக்கிறேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

ரோல் வந்தது. பேகம்பூரிலிருந்து மெக்கானிக் இஷாக்கை வரவழைத்து மெஷினில் மாட்டினார்கள். மெஷினின் மேல் தொட்டியில் மாவு தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு, அந்த அவசரத்தில் கன்னத்துப் பொட்டைத் தேடிப் பார்க்கக் கீர்த்தனாவுக்கு நேரமில்லை. தான் பிடித்துக் கொடுத்த ரோலில் முதல் பாக்கெட் வரும்போது பக்கத்தில் நின்று கையில் வாங்குவது மதியழகனின் வழக்கம். அந்த ஒரு காரியத்துக்குத்தான் மனுஷன் எங்கேயும் கொஞ்ச நேரம் நிற்பார். ஸ்ரீஹரி சூடம் காட்டினான். கீர்த்தனா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். முந்தின நாள் தடுப்பூசி போட்டதில் நித்திலனுக்கு உடம்பு கதகதவென்று இருந்தது.

இஷாக் சுவிட்சைத் தட்டினார். பிலிம் இறங்கியது, மடிந்தது, பிளேடு விழுந்தது. முதல் பாக்கெட் மதியழகன் கையில் வந்து விழுந்தது.

அதில் பிள்ளைக்கு மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. அடுத்த பாக்கெட்டின் உச்சியில் வாயும் தாடையும் மட்டும் இருந்தன. அதற்கடுத்ததும் அப்படியே. மெஷின் சளைக்காமல் முகத்தைக் குறுக்கே வெட்டி வெட்டிக் கீழே போட்டுக்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க பாய்." கீர்த்தனா ஒரு எட்டு முன்னே வந்தாள். "நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

இஷாக் நிறுத்தினார். அவள் தரையில் கிடந்த பாக்கெட்டுகளைப் பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காலையில இருந்தே உடம்பு சுடுது. இங்க இப்படி விழுது. இந்த ரோல் எனக்கு வேணாம். எரிச்சுருங்க. எம்பிள்ள முகத்த எதுலயும் போட வேணாம்."

"லூசு மாதிரிப் பேசாத. மெஷின் பழசு, பிசகு பண்ணுது. அதுக்கும் இவனுக்கும் என்ன இருக்கு?" என்றான் ஸ்ரீஹரி.

அவள் பிள்ளையோடு வீட்டுக்குள் போய்விட்டாள். சாத்திய கதவுக்கு அந்தப்பக்கம் அவள் அழுவது ஷெட்டுக்குக் கேட்டது. ஒரு பெண்பிள்ளை அப்படி அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை.

இஷாக் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "சென்சார் போயிருக்கும்னு நெனைக்கிறேன். கோயமுத்தூர்ல சொல்லி வரவழைக்கணும்."

சென்சார் என்றதும் மதியழகன் சாவி சுழற்றுவதை நிறுத்தினார். எந்த ரோலிலும் ஓரத்தில் ஒரு பாக்கெட்டுக்கு ஒன்று என்று குட்டையாகக் கறுப்புக் கோடு அச்சடித்திருக்கும். சென்சாருக்குப் படமும் தெரியாது, பேரும் தெரியாது. அது அந்த ஓரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். கறுப்பு தட்டுப்பட்டால், இதோ பாக்கெட் முடிகிறது, வெட்டு என்று பிளேடுக்குச் சொல்லும். இது ரோல் பிடிக்கிறவனுக்கு அரிச்சுவடி. அவர் எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்ன விஷயம்.

ஒரு பாக்கெட்டை எடுத்து, மாவைக் கொட்டிவிட்டு முதுகு ஒட்டைப் பிரித்தார். அடுத்ததைப் பிரித்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். உள்ளே மடிந்திருந்த ஓரத்தில் கறுப்புக் கோடு தன் பாட்டுக்கு இருந்தது. அதற்கு முன்னாலேயே, கடுகளவு, யுவராணி வைத்த பொட்டு இருந்தது. ஒவ்வொரு வெட்டும் கோட்டை விட்டுவிட்டு, முதலில் தட்டுப்பட்ட அந்தப் பொட்டைக் கணக்கு வைத்துத்தான் விழுந்திருந்தது.

யாரும் பார்க்கவில்லை. ஸ்ரீஹரி போனில் யாரிடமோ சென்சார் விசாரித்துக்கொண்டிருந்தான். மதியழகன் பாக்கெட்டுகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "ஒரு போன் பேசிட்டு வாரேன்" என்று வெளியே வந்து வண்டியை எடுத்தார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாது. நிற்க மட்டும் முடியவில்லை. செம்பட்டி போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு ஓரம் நிறுத்தி யுவராணியைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அன்னைக்கு அந்த ஓரத்துலன்னு என்னமோ சொல்ல வந்தியே. என்னது?"

"அந்த ஓரத்துல கோட்டத் தவிர வேற கறுப்பே இருக்கக்கூடாதுண்ணே, மெஷின் ஏமாந்துரும்னு சொல்ல வந்தேன். நீங்கதான் வச்சுரு, நான் பாத்துக்கிறேன்னீங்க. மெஷின்காரங்ககிட்டச் சொல்லி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் போனை வைத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன? சென்சார்மேல் பழி போகும். புதுசு வந்த பிறகும் வெட்டினால் மெஷின்மேல் போகும். அதற்குள் ரோலையும் எரித்திருப்பார்கள். சொன்னாலோ, பிள்ளையைக் காக்கட்டும் என்று நீ கேட்ட பொட்டுதான் அவன் முகத்தை வெட்டியது என்று பெற்றவளிடமே சொல்ல வேண்டும். புருஷனுக்குத் தெரியாமல் கேட்டதும் வெளியே வரும். எப்படிப் பார்த்தாலும் தப்ப வழியில்லை. ஆனால், எம்பிள்ளைக்கு என்னமோ ஆகப்போகுது என்று அவள் இன்றைக்கு ராத்திரி முழுக்க நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குமேல் அவர் நடக்கவில்லை. வண்டியைத் திருப்பினார்.

ஷெட்டில் கீர்த்தனா பிள்ளையோடு மறுபடி வந்து நின்றிருந்தாள். எரிக்கச் சொன்ன ரோல் இன்னும் மெஷினில் இருக்கிறதே என்று ஸ்ரீஹரியிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சென்சார் நல்லாத்தான் இருக்கு பாய்," என்றார் மதியழகன். "தப்பு எம்மேல. பொட்டுதான் காரணம்."

"எந்தப் பொட்டு?" என்றான் ஸ்ரீஹரி.

மதியழகன் சட்டைக்குள் இருந்த பாக்கெட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். கேட்டது யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று கடைசியாக ஒரு ஆசை. கீர்த்தனாவே முந்திக்கொண்டாள்.

"நாந்தான் வைக்கச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாம."

ஸ்ரீஹரி அவளையே பார்த்தான். சிரிக்கவில்லை.

மதியழகன் பிரித்த பாக்கெட்டுகளை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னார். யுவராணி சொல்ல வந்ததை, தான் கேட்காமல் படியிறங்கியதை, வண்டியில் போகிறபோது கத்தியதை. "கன்னத்துல வைக்கச் சொன்னத ஓரத்துல வைக்கச் சொன்னவன் நானு. உனக்கு ஒரு சம்பந்தமும் இல்ல தாயி. பிள்ளைக்கும் ஒண்ணுமில்ல. ஊசி போட்ட காய்ச்சல், நாளைக்கு எறங்கிரும். என்னயத் திட்டு, நல்லாத் திட்டு."

கீர்த்தனா பாக்கெட்டை வாங்கி அந்த ஓரத்தைப் பார்த்தாள். விரலால் பொட்டைத் தடவிப் பார்த்தாள். திரும்பவும் தடவினாள். மதியழகனுக்குக் கால் பரபரத்தது. போய்விடலாமா, எதையாவது சொல்லி இந்த மௌனத்தை அடைக்கலாமா என்று தவித்தார். பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்த மாவு டிரம்மில் எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

"பொட்டு எதுக்கு வைக்கிறோம்?" என்றாள் அவள். அவரைத்தான் கேட்டாளா, தன்னையே கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை. மதியழகன் குறுக்கே பேசாமல் காத்திருந்தார். "பாக்குறவங்க பிள்ளையப் பாக்காம மொதல்ல அதப் பாக்கணும்னுதான வைக்கிறோம்? இந்த மெஷினு அதத்தான பாத்துருக்கு. அது முகத்தப் பாக்கவே இல்லைல?"

"பாக்கவே இல்ல தாயி."

"அப்ப பொட்டு வேலை செஞ்சிருக்கு," என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும்.

இஷாக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ரெண்டு வழி இருக்கும்மா. ரோலப் பிரிச்சு ஒவ்வொரு பொட்டுக்கும் வெள்ள டேப்பு ஒட்டி மறைக்கலாம். இல்லாட்டி கோடு வர்ற நேரத்துக்கு மட்டும் சென்சாரு தொறக்குற மாதிரி செட்டிங்க மாத்தலாம். பழைய மெஷின், செத்த நேரம் ஆகும், ஆனா ஆகும்."

"பொட்ட மறைக்க வேணாம் பாய். மெஷின மாத்துங்க."

இஷாக் திருகினார், ஓட்டினார், திரும்பத் திருகினார். கெட்டுப்போன பாக்கெட்டுகள் காலடியில் சேர்ந்தன. பிளேடு நெற்றியை வெட்டியது, தாடையை வெட்டியது, தலைமுடியை வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் கீர்த்தனா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு பாக்கெட் முழுசாக விழுந்தது. ரெண்டு கன்னமும் உப்பி, வாய் நிறையச் சிரித்தபடி நித்திலன் வந்தான். அடுத்ததும் முழுசு. அதற்கடுத்ததும்.

மதியழகன் டிரம்மைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்ரீஹரிதான் முதல் பாக்கெட்டை எடுத்தான். முன்னால் பார்த்தான், பின்னால் திருப்பினான். பிறகு முதுகு ஒட்டைக் கட்டைவிரலால் தடவி, பொட்டு உள்ளே எந்த இடத்தில் இருக்கும் என்று தேடினான்.

"அடுத்த ரோல்ல கன்னத்துலயே வைக்க முடியுமாண்ணே?" கீர்த்தனா கேட்டாள்.

அதுக்கென்ன என்ற சொல் மதியழகனின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதைக் கடித்துக்கொண்டு ஸ்ரீஹரியைப் பார்த்தார்.

ஸ்ரீஹரி பாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கன்னத்துலயே வைங்கண்ணே," என்றான். "கொஞ்சம் பெருசாவே வைங்க."