தேர் சல்மா என்ற ஊர்

ஊரைவிட்டு வெளிநாடு வந்த சபாரத்தினத்துக்கு விரி என்ற தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை, ரானுயி என்ற புறநகரில் வாடகை அறை, தனி ஆள். நாள் முழுவதும் அவர் வாய் திறப்பது ஸ்மோக்கோ என்னும் தேநீர் இடைவேளையில் மட்டும்தான், அதுவும் நதீமோடு. நதீம் பாலஸ்தீனத்து இளைஞன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான், அரபியில் கவிதை எழுதுவான். அவன் ஆங்கிலத்தில் பொருள் சொல்ல, இவர் ஒரு கவிதையைத் தமிழாக்கினார்.

"என்ன கொண்டுபோகிறாய் என்றார்கள்.
தேர் சல்மா என்றேன்.
பையைக் கொட்டினார்கள். ஊர் அகப்படவில்லை.
பையை வைத்துக்கொண்டார்கள்."

தேர் சல்மா நதீமின் தகப்பன் பிறந்த ஊர். அதை இடித்துவிட்டு வரைபடத்தில் வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். "இப்போது அது என் கவிதையில்தான் இருக்கிறது" என்பான்.

அது 1988. மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்தில் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழா. சபாரத்தினம் அங்கே வாசிக்கக் கொண்டுவந்த கவிதையைப் பார்த்த சங்கச் செயலாளர் கதிர்காமநாதன் உதட்டைப் பிதுக்கினார்.

"உந்தப் பேர் ஆருக்கு ஐசே விளங்கும்? எங்கட ஊர் ஒண்டைப் போடும். சனம் உருகும்."

பிறர் துயரத்துக்கு நம் பெயரை இட்டால் அது நமக்குப் புரிந்துவிடுவதுபோல் இருக்கும். சபாரத்தினமும் அப்படித்தான் நம்பினார். மாதகல் என்று மாற்றி வாசித்தார். சனம் உருகத்தான் செய்தது. யோகராணி என்றொரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, என்ர ஊரல்லோ! அப்பிடியே எங்கட கதை."

கடைசி வரிசையில், விருந்தாளியாக வந்த நதீம் இருந்தான். தமிழ் தெரியாது, ஒரே ஒரு சொல்லுக்காகக் காது கொடுத்திருந்தான்.

"நன்றாகக் கை தட்டினார்கள். என் ஊர் எங்கே வந்தது?"

"மாற்றிவிட்டேன்."

நதீம் சிரித்தான். "முதலில் வரைபடக்காரர்கள். இப்போது நீ." கோட்டை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான்.

சபாரத்தினம் மேடைக்கு ஓடினார். சாப்பாடு தொடங்கிவிட்டது, தட்டுகளின் சத்தம். ஒலிவாங்கியைப் பிடித்து, இது நதீம் என்ற பாலஸ்தீனக் கவிஞனின் கவிதை என்று சொல்லி, முதலிலிருந்து வாசித்தார். ஒருவரும் திரும்பவில்லை.

"சபா, காணும்! சோறு முடியப்போகுது, இறங்கும்!" என்றார் கதிர்காமநாதன்.

"தேர் சல்மா" என்றார் சபாரத்தினம்.

வாசலில் நதீம் அந்தச் சொல் வரும்வரை நின்றான். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.